குளியல் கூடத்து வாசலில் 'சூப்' என்று எழுதியிருக்கிறதா?

கேள்வி: டிசம்பர் 2

போன மாதம் ஜப்பான் போயிருந்தேன். கூட வந்த சீன நண்பர் ஒரு வெந்நீர்க் குளியல் கூடத்தின் வாசலில் தொங்கிய துணித் திரைகளைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார். ஒன்றில் 'ஆண்கள் சூப்', இன்னொன்றில் 'பெண்கள் சூப்' என்று எழுதியிருக்கிறதாம். ஜப்பான்காரர்கள் எழுத்தைக் கடன் வாங்கும்போது அர்த்தத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள் என்கிறார். அது சரியா?

டிசம்பர் 3, இரவு 10.15

சரியில்லை. பழைய அர்த்தத்தை விடாமல் வைத்திருப்பது ஜப்பான். மாறியது சீனம்.

எந்த எழுத்து என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இடப்பக்கம் மேலிருந்து கீழாக மூன்று நீர்த்துளி. வலப்பக்கம் உச்சியில் பெட்டி மாதிரி ஒரு சூரியன், அதன் கீழ் ஒரு கிடைக்கோடு, அதற்கும் கீழே சாய்ந்து இறங்கும் கோடுகள். மொத்தம் 12 கோடு. சீனாவில் இப்போது எளிமையாக்கி 6 கோட்டில் முடித்துவிடுகிறார்கள். சீனாவின் பொது மொழியான மாண்டரினில் 'தாங்', கொரியனிலும் 'தாங்'. ஜப்பானில் சீனத்திலிருந்து வந்த உச்சரிப்பு 'தோ', சொந்த மொழி உச்சரிப்பு 'யு'. அங்கே மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த 'ஷுவோவென்' அகராதி இதற்கு இரண்டே எழுத்தில் பொருள் தருகிறது: சூடான நீர். சூப் என்ற பேச்சே இல்லை. அதற்கும் முந்தைய சீனச் சிந்தனையாளர் மென்சியஸின் நூலில், குளிர்காலத்தில் தாங் குடிக்கிறோம், கோடையில் தண்ணீர் குடிக்கிறோம் என்று ஒரு வரி வருகிறது. கன்பூசியஸின் உரையாடல்களில், தீயதைக் கண்டவுடன் தாங்கில் கையை விட்டவன்போல வெடுக்கென்று விலகுவதைப் பற்றிப் பேச்சு வருகிறது. கொதிநீர் என்று படித்தால்தான் அந்த வரி சுடும்.

எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறதே: பக்கத்தில் சூரியன் காய்கிறது, நீர் சூடாகிறது.

டிசம்பர் 3, இரவு 11.40

தூக்கம் வரவில்லை, இன்னொன்று. யோகோஹாமாவில் எனக்கு முதல் குளிர்காலம். தொண்டை கட்டியிருந்தது. சின்னச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் 'அட்ஸுய் மிஸு' கேட்டேன். அட்ஸுய் என்றால் சூடான, மிஸு என்றால் தண்ணீர். வகுப்பில் படித்த இரண்டு சொல்லையும் ஒழுங்காகத்தான் சேர்த்திருந்தேன். கடைக்கார அம்மாள் ஒரு கணம் யோசித்துவிட்டு, 'ஆ, ஒயு!' என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனார்.

மிஸு என்றாலே சூடில்லாதது. சூடேறிவிட்டால் அது வேறு பொருள், அதற்கு வேறு பெயர்: யு. முன்னால் ஒட்டும் 'ஒ' மரியாதைக்கு. கடல் தாண்டி எழுத்து வந்து சேர்வதற்கு முன்பே 'யு' என்ற சொல் அவர்கள் வாயில் இருந்தது. வந்த எழுத்துகளில் எது இதற்குப் பொருந்தும் என்று தேடினார்கள்; வெந்நீர் என்ற பொருளோடு தாங் இருந்தது; அதை எடுத்து 'யு' என்று வாசித்தார்கள். ஆகவே உங்கள் நண்பர் பார்த்த திரையில் இருந்தது 'ஆண்கள் வெந்நீர்', 'பெண்கள் வெந்நீர்'.

டிசம்பர் 5

முதல் குறிப்பின் கடைசி வரியை நான் திரும்பப் பெறுகிறேன். சூரியன் காய்ந்து நீர் சுடுகிறது என்று எழுதினேன் அல்லவா? கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் அந்த எழுத்து அப்படி உருவானதல்ல.

நேற்று ஒருவர் 'குடல்' என்ற எழுத்தைக் காட்டினார். அதிலும் வலப்பக்கம் அதே சூரியன், அதே கோடுகள். இடப்பக்கம் மட்டும் நீருக்குப் பதில் சதை. குடலில் எங்கிருந்து சூரியன் வந்தது? 'இடம்' என்ற எழுத்திலும் அதே வலப்பக்கம்தான், இடப்பக்கம் மண். வெயிலைக் குறிக்கும் 'யாங்' எழுத்திலும் அதுவே. அந்த வலப்பக்கம் ஒலியைச் சொல்ல வந்தது. இடப்பக்கம் இது எந்த இனத்துப் பொருள் என்கிறது, வலப்பக்கம் இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்கிறது. சீன எழுத்துகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். சூ ஷென்னும் இதையேதான் எழுதியிருக்கிறார்: நீர் பொருளுக்கு, மற்றது ஒலிக்கு. அவரை மேற்கோள் காட்டிய நானே அடுத்த வரியைப் படிக்காமல் விட்டது தப்பு.

வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வெந்நீர், வெயில், இடம், குடல் என்ற அதே வரிசையில் மாண்டரினில் தாங், யாங், சாங், சாங். கொரியனில் தாங், யாங், ஜாங், ஜாங். ஜப்பானில் தோ, யோ, ஜோ, சோ. மூன்று நாட்டிலும் எதுகை கெடவில்லை. ஜப்பானில் 'ங்' எங்கே போனது என்றால், அது கரைந்து தாங் 'தவு' ஆகி, பிறகு நெடிலாகி 'தோ' என்று நின்றுவிட்டது.

இன்னொரு விஷயம் உற்சாகமாக இருக்கிறது. பழைய சீனாவில் ஷாங் வம்சத்தை நிறுவிய அரசர் பெயரும் தாங், இதே எழுத்து. அவருடைய கழுவு பாத்திரத்தில் பொறித்திருந்ததாக ஒரு வாசகம் 'பேரறிவு' என்ற பழைய கன்பூசிய நூலில் வருகிறது: ஒரு நாள் புதிதாக முடிந்தால் நாள்தோறும் புதிதாகு, மறுபடியும் புதிதாகு. வெந்நீர் என்று பெயர் கொண்ட அரசர், குளிக்கும் பாத்திரத்தில் வாசகம்! தற்செயலாக இருக்குமா?

டிசம்பர் 8

தற்செயல்தான். ஆமை ஓட்டிலும் எலும்பிலும் கீறிய பழைய பொறிப்புகளில் அந்த அரசரின் பெயர் வேறு எழுத்தில் இருக்கிறது. பின்னாளில் பெயர் பெற்ற தாங் வம்சத்தின் எழுத்து அது. 'தா யி' என்ற பெயரும் அவருக்கு உண்டு. வெந்நீர் எழுத்து பிற்பாடு ஒலிக்காக வந்து ஒட்டியது. அரசரை வெந்நீரிலிருந்து இறக்கிவிடுகிறேன். அந்த வாசகம் மட்டும் மனசிலேயே நிற்கிறது.

டிசம்பர் 9

'அப்படியானால் எப்போது சூப் ஆனது?' என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே நாளில் ஆகவில்லை. நடுவில் இரண்டு படி இருக்கின்றன.

முதல் படி குளியல். ஷியான் நகருக்குப் பக்கத்தில் லிஷான் மலையடிவாரத்தில் வெந்நீர் ஊற்று. 644இல் அங்கே கட்டிய அரண்மனைக்குப் பெயர் தாங்சுவான் அரண்மனை, அதாவது வெந்நீர் ஊற்று அரண்மனை. 747இல் அதற்கு ஹுவாசிங் என்று பெயர் மாற்றினார்கள். தாங் வம்சப் பேரரசர் ஷுவான்சோங்கும் அவருடைய காதலி யாங் குய்ஃபேயும் குளித்த இடம் அதுதான். அங்கே தோண்டி எடுத்த கல் தொட்டிகளின் பெயர்களைக் கேளுங்கள்: தாமரைத் தாங், ஹைதாங் மலர்த் தாங். ஹைதாங் என்பது பூவின் பெயர், அதிலுள்ள தாங் வேறு எழுத்து. கடைசியில் வருவதுதான் நம்முடையது. எட்டாம் நூற்றாண்டுச் சீன அரண்மனையிலேயே குளிக்கும் தொட்டிக்குத் தாங் என்று பெயர் இருந்திருக்கிறது. உங்கள் நண்பர் சிரிப்பதானால் அங்கேயும் போய்ச் சிரிக்க வேண்டும்.

இரண்டாம் படி மருந்து. வேர், பட்டை, இலையை வெந்நீரில் கொதிக்கவைத்து இறுத்தால் அதற்கும் தாங். நம் கஷாயமேதான். கி.பி. 200 வாக்கில் வாழ்ந்த மருத்துவர் ஜாங் ஜோங்ஜிங் எழுதிவைத்த குறிப்புகளில் கெகென் தாங் என்று ஒன்று உண்டு. ஏழு சரக்கு, அவற்றில் இஞ்சி, இலந்தை, அதிமதுரம் மூன்றும் நமக்குத் தெரிந்தவை. இன்றைக்கும் ஜப்பான் மருந்துக் கடையில் சளிக்கு இதைப் பொடியாக வாங்கலாம். அங்கே பெயர் காக்கொன்தோ. நான் எத்தனையோ பாக்கெட் குடித்திருக்கிறேன்.

சோங் வம்சக் காலத்தில் இந்தக் கஷாயம் விருந்தோம்பலுக்குள் வந்துவிட்டது. 1119 வாக்கில் ஜு யூ எழுதிய நூலில் அந்த வழக்கம் பதிவாகியிருக்கிறது: விருந்தாளி வந்தால் தேநீர், கிளம்பும்போது தாங். நல்ல மணமும் இனிப்பும் உள்ள மருந்துச் சரக்குகளைப் பொடித்துச் செய்வார்கள், அதிமதுரம் போடாத தாங் கிடையாது என்கிறார். இதைப் படித்தபோது எங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அதிமதுர டப்பா கண்முன் வந்தது.

வெறும் வெந்நீர், வெந்நீரில் வேர், வெந்நீரில் காய், எலும்பு. இப்படித்தான் அடுப்படிக்குள் வந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. சூப்புக்கு ஏற்கெனவே 'கெங்' என்று ஒரு பழைய சொல் இருந்தது. அது கெட்டியானதற்கு என்று ஒதுங்கிக்கொள்ள, தெளிவானது எல்லாம் தாங் ஆனது.

கெங் ஜப்பான் போய் என்ன ஆனது தெரியுமா? யோகான். 'ஆட்டுக் கெங்' என்ற இரண்டு எழுத்துதான் யோகான். புலால் உண்ணாத ஜென் துறவிகள் ஆட்டிறைச்சிக்குப் பதில் பயறு மாவில் செய்யத் தொடங்கி, அது இறுகி, இனிப்பாகி, இன்று கத்தியால் வெட்டித் தேநீரோடு சாப்பிடுகிற பண்டம். பெயரில் ஆடு இன்னும் நிற்கிறது. அலுவலகத்தில் யாரோ ஊரிலிருந்து கொண்டுவந்த யோகானை நான் இரண்டு வாரம் தொடவில்லை. காரணம் அந்த ஆடு. நல்ல தின்பண்டத்தை எழுத்துக் கூட்டி வாசித்தே இழந்திருப்பேன்.

டிசம்பர் 9, சற்று நேரம் கழித்து

அலுவலகம் என்றதும் ஞாபகம் வந்தது. டீ போட்டுக்கொள்ளும் சின்ன அறையின் கதவில் மூன்று எழுத்து: வழங்கு, தாங், அறை. க்யூதோஷிட்ஸு என்பார்கள். தைவானிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த தோழி முதல் நாள் மதியம் கிண்ணத்தோடு போய் நின்றாள், கம்பெனி சூப் தருகிறது என்று. உள்ளே ஒரு வெந்நீர்க் குழாய்தான் இருந்தது. அன்றைக்குத் தொடங்கிய சிநேகம் எங்களுடையது. இந்த எழுத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவள் சொன்னது.

டிசம்பர் 13

கொரியா.

அங்கே சூப்புக்குச் சொந்தச் சொல் 'குக்'. வீட்டில் அன்றாடம் வைப்பது குக். எலும்பையோ இறைச்சியையோ போட்டு நேரமெடுத்துக் கொதிக்கவைத்ததற்குத் தாங்: விலா எலும்பில் செய்யும் கல்பிதாங், ஜின்செங் வேரும் அரிசியும் அடைத்த முழுக் கோழியில் செய்யும் சம்க்யேதாங். மருந்துக் கடையில் விற்கும் ஸங்ஹ்வாதாங்கில் அதே தாங் கஷாயம். பொதுக் குளியல் கூடம் மொக்யோக்தாங், அதில் அதே தாங் குளியல். சீனம் போய்ச் சேர்ந்த சூப், ஜப்பான் வைத்துக்கொண்ட வெந்நீர், இரண்டையும் கொரியா ஒரே வீட்டில் குடிவைத்திருக்கிறது.

சியோலில் ஒரு குளியல் கூடத்துக்குப் போனேன். தொட்டிகளுக்கு மேலே பலகை. ஒன்றில் 'ஓன்தாங்', இளஞ்சூட்டு நீர். பக்கத்தில் இருந்ததில் 'நேங்தாங்'. நேங் என்றால் குளிர்ந்த. எழுத்துக்கு எழுத்து எடுத்தால் குளிர்ந்த வெந்நீர்! கால் வைத்தேன், உச்சி வரைக்கும் ஏறியது குளிர். கொரியனில் தாங் தொட்டியாகிவிட்டது. உள்ளே இருப்பது சூடா குளிரா என்பது அதன் பொறுப்பில்லை. ஜப்பானில் இப்படிச் சொல்லவே முடியாது, குளிர்ந்த தொட்டியை அவர்கள் மிஸு வைத்துத்தான் சொல்வார்கள்.

துவட்டிக்கொண்டிருக்கும்போது மண்டையில் உறைத்தது. நாம் என்ன சொல்கிறோம்? சுடுதண்ணீர். தண் என்றால் குளிர்ச்சி. தண்ணீர் என்றால் குளிர்ந்த நீர். அப்படியானால் சுடுதண்ணீர் சுடுகிற குளிர்நீர். கொரியர்கள் வெந்நீரைக் குளிரவைத்தார்கள், நாம் குளிர்நீரைச் சுடவைத்தோம்.

டிசம்பர் 14

'சுடுதண்ணீர் என்பது பிழை, வெந்நீர் என்றே எழுத வேண்டும்' என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். எனக்கு உடன்பாடில்லை. வெந்நீர் அழகான சொல், நானும் அதைத்தான் எழுதுகிறேன். ஆனால் என் அப்பா கடைசி வரை சுடுதண்ணி என்றுதான் கேட்டார், யாருக்கும் குளிரவில்லை. ஒரு சொல்லுக்குள் இருக்கும் பழைய குளிர் மறந்துபோகிறது. சீனாவில் தாங்கின் பழைய சூடு மறந்துபோனதும் அதே மாதிரிதான். அதைப் பிழை என்று எண்ணத் தொடங்கினால் எந்த மொழியிலும் பாதிச் சொல் மிஞ்சாது.

டிசம்பர் 14, மாலை

கொரியனில் சர்க்கரைக்கு 'சொல்தாங்', மிட்டாய்க்கு 'சாதாங்'. இவையும் வெந்நீரா என்ற கேள்விக்கு: இல்லை. அது சர்க்கரை என்ற வேறு எழுத்து, அரிசி பக்கத்தில் நிற்கும். தமிழில் எழுதும்போது எல்லாம் 'தாங்' ஆகிவிடுவதால் வரும் குழப்பம். மாண்டரினில் தொனி மாறினால் சொல்லே மாறும். சமமாக நீட்டினால் சூப், ஏற்றிச் சொன்னால் சர்க்கரை, இறக்கி ஏற்றினால் படுத்துக்கொள், வெட்டி இறக்கினால் சுடுகிறது.

அந்தக் கடைசித் தாங்கின் எழுத்தைப் பார்த்தால் எனக்கு மனசு இளகிவிடும். மேலே நம்முடைய அதே வெந்நீர் எழுத்து, அடியில் தீ. பாத்திரத்தை அடுப்பில் ஏற்றி வைத்த மாதிரியே இருக்கும்.

டிசம்பர் 20

வெள்ளை, தாங் என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுங்கள். ஜப்பானில் மருத்துவக் குறிப்பில் இருந்தால் 'ஸயு' என்று வாசிக்க வேண்டும்: எதுவும் கலக்காத காய்ச்சிய வெந்நீர். ராமென் நூடுல்ஸ் கடைப் பலகையில் இருந்தால் 'பைத்தான்': எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்துப் பால்போல் வெளுத்த சூப். ஒரே இரண்டு எழுத்து, ஒன்று நோயாளிக்கு, ஒன்று பசித்தவனுக்கு. பைத்தான் நவீனச் சீன உச்சரிப்பை ஒட்டிக் கடைகளோடு வந்த புது வரவு. ஸயு பழையது. சீன மருத்துவ நூல்களிலும் 'வெள்ளைத் தாங்கோடு விழுங்கவும்' என்று வருவது வெந்நீரைத்தான். இன்றைய மாண்டரினில் அதற்குக் 'காய்ஷுயி' வந்துவிட்டது.

யோகோஹாமாவில் காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்து வீட்டுப் பாட்டி மாத்திரைச் சீட்டில் இருந்த இதே இரண்டு எழுத்தைக் காட்டி, வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அதற்கு முந்திய வாரம்தான் பைத்தான் ராமென் சாப்பிட்டிருந்தேன்.

ஜனவரி 6

அந்தப் பாட்டி தந்த இன்னொரு பொருள்: யுதான்ப்போ. வெந்நீர் ஊற்றி மூடி, துணியில் சுற்றிப் படுக்கையில் கால்மாட்டில் வைத்துக்கொள்ளும் தகரக் குப்பி. எழுதும்போது தாங், தாங், கிழவி என்று மூன்று எழுத்து. சீனத்தில் இதற்கு 'தாங்போ', வெந்நீர்க் கிழவி. அணைத்துக்கொண்டு தூங்க ஒரு துணை என்ற பொருளில் வைத்த பெயர். ஜப்பானுக்கு வந்தபோது அது 'தான்ப்போ' என்று ஒலித்தது. அதில் வெந்நீர் இருப்பது காதுக்குத் தெரியாததால் முன்னால் தங்கள் 'யு'வையும் சேர்த்துவிட்டார்கள். முதல் தாங்கை யு என்றும் இரண்டாவதைத் தான் என்றும் வாசிக்க வேண்டும். நடுச்சென்டர் என்கிறோமே, அந்த மாதிரி.

ஜனவரி 7

வியட்நாம் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: அங்கே அன்றாடச் சூப் 'கான்', அது நாம் மேலே பார்த்த கெங். நம் எழுத்து 'தாங்' என்று மருந்தோடு நின்றுவிட்டது; ஒரு வேளைக் கஷாயத்துக்கான மூலிகைப் பொட்டலம் ஒரு தாங். ஹனோயில் 'புன் தாங்' என்ற நூடுல்ஸ் உண்டு. தாங் அங்கே சூப்தான் என்பார் சிலர். பல சரக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கஷாயப் பொட்டலம் கட்டுவதுபோல் அடுக்குவதால் வந்த பெயர் என்பார் சிலர். எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. பிடித்திருப்பது ஆதாரமாகாது.

ஜனவரி 19

'வெந்நீர் போய்ச் சூப் ஆகும் என்பதை நம்ப முடியவில்லை' என்று இன்னும் ஒருவர் எழுதுகிறார். நம் வீட்டுச் சான்றே இருக்கிறது. மிளகுத் தண்ணீர் ஆங்கிலேயர் வாயில் முல்லிகட்டானி ஆகி, உலகம் முழுக்க ஒரு சூப்பின் பெயராக உணவகப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பெயரின் பின்பாதி தண்ணி. அதுவும் குளிர்ந்த தண்ணி.

ஜனவரி 20

தைவான் தோழிக்கு இந்த இழையை எடுத்துச் சொன்னேன். அவள் அனுப்பியது: தைவானில் 'பாவ்தாங்' என்றால் திட்டம் பாழாய்ப் போனது. வெந்நீர் ஊற்றில் முங்கிக் கிடப்பதற்கும் இன்று அதே பாவ்தாங்தான். தைபேயின் பெய்தோ ஊற்றுகளை ஜப்பானியர் ஆட்சியில் குளியல் விடுதிகளாக வளர்த்தார்கள்; பழைய சீனப் பொருள் ஜப்பான் வழியாக அங்கே வீடு திரும்பியிருக்கிறது. 'வார இறுதி பாவ்தாங்' என்று செய்தி வந்தால் போகிறோமா, போகவில்லையா என்று ஒரு தடவை கேட்டுக்கொள்வார்களாம்.

நான் பதிலுக்கு எடோவின், அதாவது இன்றைய டோக்கியோவின், பழைய கதை ஒன்று அனுப்பினேன். காசு வாங்கும் குளியல் கூடம் எடோவில் 1591இல் திறந்ததாகப் பதிவு. 'காசு', 'வெந்நீர்' என்ற இரண்டு எழுத்துதான் சென்தோ. அந்தக் கூடங்கள் சில வாசலில் வில்லும் அம்பும் மாட்டிவைத்தன. வில் எய்வது 'யுமி இரு', வெந்நீரில் இறங்குவது 'யு இரு'. எழுத்தே தெரியாதவனும் வில்லைப் பார்த்ததும் உள்ளே வந்துவிடுவான்.

பிப்ரவரி 2

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் நண்பர் நான்ஜிங்காரர் என்று நேற்றுத்தான் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் நாளே சொல்லியிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நான்ஜிங்குக்குக் கிழக்கே தாங்ஷான் என்று ஓர் ஊர், இதே எழுத்து, கூட 'மலை'. 1976இல் பூகம்பம் வந்த தாங்ஷான் வேறு, அதன் எழுத்தும் வேறு. இந்தத் தாங்ஷான் வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போனது, நகரத்து மக்கள் விடுமுறைக்குக் குளிக்கப் போகும் இடம். சின்ன வயதில் அவரையும் கூட்டிப்போயிருப்பார்கள். சூப் மலையில் குளித்ததாகவா அவர் வீட்டில் சொன்னார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.